அருவியிலும் அதைத்தான் சொன்னார்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள் "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. டூர் எப்படி இருந்தது, அப்பாவுக்குப் பிடித்ததா என்று வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாய், உனக்கு என்ன பதில் வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மலை நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மாவுக்கு எதிலும் குறைதான் என்பாய். உன் அண்ணன் வண்டி ஓட்டினான், அப்பா அவன் பக்கத்தில், பின்னால் நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும். காலமெல்லாம் பஸ் ஓட்டிய கால் சும்மா கிடக்குமா, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அப்பாவின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. பேத்தியின் பெயர் வாயில் வரவில்லை, "ஏ பாப்பா" என்று சமாளித்தார், ஆனால் "ஹாரன் அடி, எதிர்ல வண்டி வருது" என்று சரியாகச் சொன்னார். அருவிக்குப் போனோம். கண்ணாடியெல்லாம் சாரல் வழிய நின்று, "ஆகா, இங்கேயே இருந்துடலாம் போல இருக்கு" என்றார். மேலே பனிமூட்டத்தில் ஒரு டீக்கடை, அங்கே சூடாக ஒரு டீயைக் குடித்துவிட்டு அதையே சொன்னார். இறங்கும் வழியில் டயர் பஞ்சராகி ஒரு மொட்டைப் பாறை ஓரமாக நின்றோம், அங்கே நிழலுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது, அங்கேயும் இங்கேயே இருந்துடலாம் என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். மனம் நிறைந்தால் மனிதர்கள் சொல்கிற வார்த்தை அது, நீகூடக் கல்யாணமான புதிதில் ஒரு படகில் உட்கார்ந்து எனக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாய்.

அப்புறம் கடற்கரை நகரம். துறைமுகத்தில் கப்பல் பார்த்தோம், கலங்கரை விளக்கத்தில் ஏற என் முட்டி ஒத்துக்கொள்ளவில்லை, கீழே நின்றே அண்ணாந்து பார்த்தேன். தங்குவதற்கு ஓட்டல் சத்தமாக இருக்கும், தங்கச்சி ஒரு நல்ல கெஸ்ட் ஹவுஸ் பிடித்துக் கொடுத்திருக்கிறாள் என்றான் அண்ணன். நல்ல இடம்தான், பொய் சொல்லக் கூடாது. ஜன்னலைத் திறந்தால் கடல், உப்புக் காற்றில் கம்பியெல்லாம் துருப்பிடித்திருந்தது, அது ஒன்றுதான் குறை. நீ வீடியோவில் வந்தாய், அப்பா கடலைப் பார்த்து, இங்கேயே இருந்துடலாம் என்று தன் வழக்கமான பாட்டைப் பாடினார், நீ அங்கே கை தட்டினாய். "கேட்டியாண்ணா, அப்பாவே சொல்லிட்டாரு!" என்றாய். இதற்கு எதற்கடி இவ்வளவு சந்தோஷம் என்று நான் வெகுளியாக நினைத்தேன்.

குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, கட்டில் தலைமாட்டில் அழைப்பு மணி, சாப்பாட்டுக் கூடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நரைத்த தலை. நாலு பேர் அப்பாவை ஆவலாகப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார்கள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை, வயதானவர்கள் விரும்பி வந்து தங்குகிற இடம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நீல உடுப்புப் போட்ட ஒரு நர்ஸ் பெண் வந்து, ஐயா ராத்திரியில் எழுந்து நடப்பாரா, காது இரண்டும் கேட்குமா என்று அக்கறையாக விசாரித்தாள், நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் "நீங்க எப்பெப்பம்மா ஐயாவை வந்து பாப்பீங்க?" என்று கேட்டாள். அது முதியோர் இல்லம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்தான் பாவம், பயந்துவிட்டாள். அப்பாவுக்கு என்று ஒதுக்கிய அறையைக் காட்டச் சொன்னேன். கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரே ஒரு கட்டில்.

நேரே மணலுக்குப் போனேன். உன் அண்ணன் பிள்ளைகளுக்குப் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான், நூலை மகள் கையில் கொடுத்துவிட்டு வந்தான், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. "அப்பாவை மட்டும்தாம்மா. நீ எங்களோடதான் இருப்ப, நீ இல்லாம பிள்ளைங்களை யாரு பாக்கறது?" என்றான். அப்பா வீட்டைவிட்டு இறங்கிப் போய் பஸ் டிப்போவில் உட்கார்ந்துகொள்வதும், இவன் ஆபீசை விட்டுவிட்டுத் தேடி ஓடுவதும் எனக்குத் தெரியாததா, அலுப்பு எனக்கும்தான் இருக்கிறது. ஆனால் உனக்காகத்தாம்மா, உன் முட்டி வலிக்காகத்தான் என்றான் பார், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். சரி, அப்பாவிடம் கேட்டீர்களா என்றேன். "அவரே சொன்னாரேம்மா, இங்கேயே இருந்துடலாம்னு. தங்கச்சியும் கேட்டா" என்றான். அருவியிலும்தானடா சொன்னார், அங்கே ஏன் விட்டுவிட்டு வரவில்லை என்றேன். பஞ்சரான இடத்திலும் சொன்னார், அந்தப் பாறைமேல் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கலாமே. பக்கத்தில் நின்ற உன் அண்ணி வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

உன்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அவனாவது கூட இருந்து அல்லாடுகிறான். நீ எங்கேயோ உட்கார்ந்து எனக்குத் தெரியாமல் இடம் தேடி, அதற்கு உல்லாசப் பயணம் என்று பெயர் வைத்து, நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தாய். அப்பாவுக்கு எது ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, காலையில் கண் விழித்ததும் நான் பக்கத்தில் இல்லையென்றால் "இவ எங்கே?" என்றுதான் கேட்பார். அங்கே யாரிடம் கேட்பார்? அந்த நர்ஸ் பெண்ணிடமா? அவள் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு பொய் சொல்ல வேண்டும். அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லி அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன், வழியெல்லாம் அப்பா வளைவுக்கு வளைவு பிரேக் போட்டுக்கொண்டு வந்தார்.

நேற்று நானே அந்த இடத்துக்குப் போன் போட்டேன். இரண்டு கட்டில் போட்ட அறை மாடியில் காலியாக இருக்கிறதாம், லிப்ட் உண்டாம், அப்பாவின் பென்ஷனே போதும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். பிள்ளைகளைக் கிளப்புவதற்கும் கூட்டி வருவதற்கும் சாயங்காலம் சோறு ஊட்டுவதற்கும் நீங்கள் ஆள் தேடிக்கொள்ளுங்கள், உனக்குத்தான் நல்ல இடமாகத் தேடத் தெரியுமே.

உன் இருமல் நின்றதா, வெந்நீர் குடி, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. கோபத்தில் எழுதினாலும் வயிறு எரிந்து எழுதவில்லை, நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது ஒன்றாக இருக்க வேண்டும், ஒரே அறையில் இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே, உன் அண்ணனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல்லிவிடு, எனக்குத் தெரியாமல் பேசிக்கொள்வது உங்களுக்குப் புதிதா என்ன.

இப்படிக்கு,
உன் அப்பாவின் மனைவி,
அதற்குப் பிறகுதான் உன் அம்மா.