ஒன்பதாவது இலக்கம்

என் சத்யா அக்காவுக்கு,

ஸ்வப்னாவின் கட்டைவிரல்தான் முதலில் என் கண்ணில் பட்டது. உன் போனில் எட்டு இலக்கங்களை அது யோசிக்காமல் தட்டியது. பூட்டு திறந்துகொண்டது.

உன் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு ஃபிரேம் போட உன் போட்டோ வேண்டியிருந்தது. ஒரு வாரமாக நான் முயன்றுகொண்டிருந்தேன். அம்மா பிறந்தநாள், அப்பா பிறந்தநாள், கூச்சத்தோடு என் பிறந்தநாள். எதற்கும் திறக்கவில்லை. உன்னோடு எம்.எஸ்சி. கணக்கு படித்த ஸ்வப்னாவுக்கு உடனே திறந்தது.

"என்ன நம்பர்?" என்றேன்.

"73939133. அரே, உனக்குத் தெரியாதா? அவ ஃபேவரிட் பிரைம்டீ. எங்க கிளாஸுக்கே தெரியும்."

எனக்கா தெரியாது? நம் லோத்குண்டா வீட்டுச் சமையலறையில், சப்பாத்திப் பலகை மாவில் நீ அதை எழுதினாய். "ஏழு கோடிக்கு மேல. ஆனா எதாலயும் வகுபடாது," என்றாய். பிறகு கடைசி இலக்கத்தை விரலால் அழித்தாய். மிச்சமும் பகா எண். அடுத்ததை அழித்தாய், அதுவும்தான். இறுதியில் ஏழு மட்டும் நின்றது. அதுவும் உடையவில்லை. இப்படித் தேயத் தேய உடையாத எண்களில் இதுதான் பெரியது என்றாய்.

"பின்னாடி இன்னொரு இலக்கம் சேர்த்தா?"

"எதைச் சேர்த்தாலும் உடைஞ்சிடும். யாருகிட்டயும் சொல்லாதே, நம்ம ரகசியம்." மாவுக் கையால் என் மூக்கைத் தொட்டாய்.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவள். எனக்கென்று அந்த ஒரு எண் இருந்தது. அத்தனை சொந்தமானதைப் போய் போனுக்குப் போட்டிருக்கமாட்டாய் என்றுதான் அதைத் தட்டியே பார்க்கவில்லை. அவர்களுக்கும் மாவில்தான் எழுதிக் காட்டினாயா?

"ஸ்வப்னாவுக்குக் காபி கொடுடீ," என்றாள் அம்மா. வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொடுத்தேன்.

"சூப்பர்! நான் சர்க்கரை விட்டு ஒரு வருஷம் ஆச்சு. சத்யா சொன்னாளா?"

அதையும் நீ எனக்குச் சொல்லவில்லை.

அவள் செருப்பு மாட்டும்போது எப்படியோ கேட்டுவிட்டேன். "அதுக்குப் பின்னாடி மூணு சேர்த்தா, எதால வகுபடும்?"

"நக்கோ பா, வேணாம்! யாரு உட்கார்ந்து வகுக்கறது? வகுபடும்னு புக்ல இருக்கு, அவ்ளோதான்," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப்போட்டேன். இரட்டைப்படை எதைச் சேர்த்தாலும் உடையும், ஐந்தைச் சேர்த்தாலும் உடையும். ஒன்றோ ஏழோ சேர்த்தால் மூன்றால் வகுபடுகிறது. மிச்சம் மூன்றும் ஒன்பதும். மூன்றை எடுத்துக்கொண்டேன். 739391333. ஏழால் வகுத்தால் மீதி இரண்டு. பதினொன்றால் வகுத்தால் பத்து. பதின்மூன்றால், ஐந்து.

இதை உடைக்கிற எண்ணைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் அக்கா. கிடைத்ததும் உனக்கு மட்டும்தான் சொல்வேன். ஸ்வப்னாவுக்குக் கிடையாது.

பதினேழால் வகுத்தேன். மீதி பதினான்கு.

உன் ஒரே தங்கை,
மீனு