டேஷ்போர்டுக்குள் மூன்று போன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நான்கு கடை. முதலாளி சின்ன வயது, தம்பி என்றுதான் கூப்பிடுவேன்; ஒவ்வொரு கடைக்குள்ளும் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி போகிறார். பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பிய மாதிரி வெளியே வருகிறார்.

ஊரில் இருக்கிற போன் எல்லாம் இரண்டே கம்பெனி சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறதாம். மூன்றாவதாக ஒன்றை நாங்கள் செய்து, அது ஓடுகிற போனையும் செய்திருக்கிறோம். ஏப்ரல் முடிவதற்குள் ஒரு பெரிய மொத்த வியாபாரி அதை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனியை மூடுவதாகத் தம்பி எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். மொத்தம் இருபத்திரண்டு பேர். கடைசி ஆள் நான், வண்டி ஓட்டுகிறவள்.

இடுப்பு பிடித்துப் படுத்திருக்கும் என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. ஐம்பத்தொரு வயதுப் பொம்பளைக்கு எவன் இன்னொரு ஸ்டியரிங் தருவான்?

மார்ச் 6, வியாழன்

விற்பனை பார்க்கிற பெண்ணுக்கு அம்பு என்று பேர் வைத்திருக்கிறேன். அவள் போட்டுக் காட்டுகிற விற்பனைக் கணக்குப் படம் எல்லாவற்றிலும் மேலே போகிற அம்பு ஒன்று இருக்கும். கூப்பிட்டால் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.

"'உங்க ரகசியம் உங்ககிட்டயே இருக்கும்'னு சொன்னேன்கா. 'என் கஸ்டமருக்கு அப்படி என்னம்மா ரகசியம்?'னு கேக்கறார் கடைக்காரர்."

"அப்போ போனோட ஒரு ரகசியத்தையும் சேர்த்துக் குடுத்துடு" என்றேன்.

எல்லாக் கடையிலும் கடைசியில் ஒரே கேள்விதானாம்: "நீங்க இதத்தான் வச்சிருக்கீங்களா?" தம்பியும் அம்புவும் எங்கள் போனை எடுத்துக் காட்டுவார்கள்.

ஆனால் உள்ளே போவதற்கு முன், "அக்கா, வச்சுக்கோங்க" என்று தங்கள் சொந்தப் போனை என்னிடம் நீட்டுகிறார்கள். தம்பியுடையது இரண்டு, அம்புவுடையது ஒன்று. கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியில் சுற்றி டேஷ்போர்டுப் பெட்டியில் வைப்பேன். துணி இல்லாவிட்டால் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

எங்கள் போனை மட்டுமே வைத்திருப்பது இந்தக் கம்பெனியில் நான் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்த அன்று சும்மா கொடுத்தார்கள். என்னிடம் வேறு கிடையாது.

மார்ச் 11, செவ்வாய்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஏன் தம்பி, ஓட்டல் நடத்தறவர் பக்கத்து ஓட்டல்ல சாப்பிட்டா, வர்றவன் என்ன நினைப்பான்?" என்று கேட்டுவிட்டேன்.

"பேங்க் இதுல வராதுக்கா. மேப் ஒழுங்கா காட்டாது. நான் என்னதான் பண்ணட்டும்?"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். மூன்று வருடத்தில் முதல் தடவை.

மார்ச் 13, வியாழன்

போன்களைக் கையில் தராமல் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார்கள். நானும் பாட்டுப் போடவில்லை.

மார்ச் 17, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

பெரிய வியாபாரியைப் பார்க்கப் போனோம். ஒன்றரை மணி நேரம் உள்ளே பேசினார்கள். வெளியே மழை. கண்ணாடியில் ஒரே ஆவி. துணியை எடுத்துத் துடைத்தேன். துடைத்ததும் திரும்பச் சுற்றி வைத்திருக்க வேண்டாமா? சீட்டுக்கடியில் போட்டேனே, புத்தி கெட்டவ!

பார்த்தால் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வருகிறார்கள். பத்தாயிரம் போனுக்குப் பேச்சாம். "உங்க வண்டியிலேயே குடோனுக்குப் போயிடலாம்" என்று வியாபாரி முன் சீட்டில் ஏறினார். பின்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றுமாம்.

இரண்டாவது சிக்னலில் அவர் முட்டிக்கு நேரே பெட்டி அதிர ஆரம்பித்தது.

"என்னம்மா உள்ள? திறங்க."

திறந்தேன். நான் என்ன செய்வேன்? மூன்று போன். நடுவில் இருந்தது மின்னுகிறது — 'அம்மா' என்று, தம்பியும் அம்மாவும் நிற்கிற படத்தோடு.

அவர் எடுத்துப் பார்த்தார். திரும்பித் தம்பியிடம் நீட்டினார்.

"எடுங்க, அம்மா கூப்பிடறாங்க... இந்தப் புதுப் போன் நம்பரை அவங்களுக்குக்கூடக் கொடுக்கலையா?"

தம்பி வாங்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

பிறகு வியாபாரி என்னைக் கேட்டார். "உங்க போன் எங்கம்மா?"

ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருந்ததைக் காட்டினேன். "இது ஒண்ணுதான் சார்."

"இதுல என்ன குறை?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மேப்பை நம்பினா குளத்துல இறக்கிவிடும் சார். பேங்க் வேலைக்கு வரிசையில நிக்கணும். ஆனா சார்ஜ் நாலு நாள் நிக்கும். வண்டி ஓட்டறப்போ அத வாங்கு இத வாங்குன்னு நச்சரிக்காது. வீட்டுக்காரர் மாதிரி இல்ல, கூப்பிட்டாதான் பேசும்."

அவர் சிரிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி, தம்பியைப் பார்த்துச் சொன்னார். "ஒரு மாசம் நீங்க இத மட்டும் வச்சுப் பாருங்க. அப்புறம் யாருக்கு விக்கறதுன்னு வந்து சொல்லுங்க. 'எல்லாருக்கும்'னு மட்டும் சொல்லாதீங்க."

மார்ச் 18, செவ்வாய்

வண்டிச் சாவியைக் கேட்பார்கள் என்று கையிலேயே வைத்திருந்தேன். தம்பி வந்தார். முன் சீட்டில் உட்கார்ந்தார். பழைய போன் இரண்டிலிருந்தும் சிம்மைக் கழற்றிப் புதியதில் போட்டார். "இது செத்தா கம்பெனியும் மொத்தமா சாகட்டும்கா. வண்டிய எடுங்க."

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உன் வாய்க்கு இத்தனை நாள் வேலை இருந்ததே அதிசயம்" என்றார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மற்ற இருபத்தொரு பேரும் எங்கள் போனுக்கு மாறிப் படாத பாடு. தம்பி தனியாகக் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பக்கத்து மண்டபத்தில் மொய் எழுதிவிட்டார். "அக்கா, நான் எங்க இருக்கேன்?" என்று எனக்குப் போன். "எதிர்ல என்ன தம்பி தெரியுது?" என்று கேட்டுக் கேட்டு வழி சொன்னேன். மறுநாளே நான்கு பேர் எங்கள் போன் மேப்பைச் சரிசெய்யப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தன் கால் இடறினால்தான் கல் கண்ணுக்குத் தெரிகிறது.

அம்புவை வாடகைக் கார் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். டிரைவர்கள் திட்டியதை எல்லாம் எழுதிக்கொண்டாள். படம் ஒன்றும் போடவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

மேப் குளத்தைத் தாண்டிவிட்டது. பேங்க் இன்னும் இல்லை. பதினாறு நாள்தான் பாக்கி.

ஏப்ரல் 22, செவ்வாய்

வியாபாரி வாசலிலேயே காத்திருந்தார். "உள்ள வேணாம்" என்று சொல்லி நேராக முன் சீட்டில் ஏறினார்.

"யாருக்கு விக்கப் போறீங்க?"

"வண்டி ஓட்டறவங்களுக்கு சார். முதல்ல முந்நூறு பேர்" என்றாள் அம்பு. "பேங்க் வராதுன்னு பெட்டி மேலயே போட்டுடறோம்."

பத்தாயிரம் எங்கே, முந்நூறு எங்கே! அவர் கேட்காமலே டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தார். என் சீப்பு, வண்டிக் காகிதம், பாதி பிஸ்கட் பாக்கெட், மஞ்சள் துணி. துணியை எடுத்து உதறியே பார்த்துவிட்டார், மனுஷன்.

அப்போது பின்னால் எங்கள் போன் அடித்தது. தம்பி பார்த்துவிட்டுத் தயங்கினார். "அம்மா" என்றார்.

"எடுங்க" என்றார் வியாபாரி. துணியை மடித்து உள்ளே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குடோனுக்கு வழி தெரியும்ல? அன்னிக்குப் பாதியிலேயே இறங்கிட்டேன்."