கராச்சிக்குப் போன கடிதம்

இன்று காலை பீரோவை ஒழுங்கு செய்யும்போது அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர் கையில் வந்தது. அந்துருண்டை வாசனை அப்படியே முகத்தில் ஏறியது. வேலூர் வெயிலுக்கு இது எதுக்கு அத்தே என்று மருமகள் சிரித்தாள். தோழி, நீ அதைக் கொடுத்து நாற்பது வருஷம் இருக்கும். ஒருநாள்கூட நான் போட்டதில்லை. பின்னியவள் கிளாஸ்கோக்காரி, பொட்டலம் கட்டியவள் லாகூர்க்காரி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவள் ஆம்பூர்க்காரியான நீ. இதையெல்லாம் மருமகளுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியவில்லை. நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது என்று தெரிந்தும் உனக்கே எழுத உட்கார்ந்தேன்.

நர்சிங் பள்ளியில் நாம் இரண்டாம் வருஷம் படித்தபோது, எழுபத்தொன்று டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த சண்டைச் செய்தி கேட்க ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் ரேடியோவை வைத்தார்கள். செய்தி முடிந்ததும் எதிரே உட்கார்ந்திருந்த சீனியர் ஒருத்தி, அந்த மேசையில் ஒரே முஸ்லிம் பெண்ணான உன்னைப் பார்த்து, "இன்னாடி, உங்க ஆளுங்க ஜெயிக்கிறாங்களா, எங்க ஆளுங்களா?" என்று கேட்டாள். மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். ராத்திரி என் பக்கத்துக் கட்டிலில் படுத்தாய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல என்னை ஆம்பூருக்கு உன் வீட்டுக்குக் கூட்டிப்போனாய். உன் அம்மா எப்போதும்போலச் சாப்பாடு போட்டார்கள். அதனால் நீ மறந்துவிட்டாய் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

படிப்பு முடிந்ததும் கனடாவுக்கு இரண்டு பேரும் சேர்ந்தேதான் மனுப் போட்டோம். எனக்கும் கடிதம் வந்தது. ஆனால் அதே மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது. நான் நின்றுவிட்டேன், நீ போனாய். உன்னைக் காட்பாடியில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது எனக்கு அழுகையைவிடப் பொறாமைதான் அதிகம். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

டொராண்டோவிலிருந்து உன் கடிதங்கள் மாதம் ஒன்று வந்தன. நீல நிற மடிப்புக் கடிதத்தில் ஓரம்வரைக்கும் நுணுக்கி எழுதியிருப்பாய். ஆனால் உன்னைப் பற்றி எழுத மாட்டாய். நீ குடியிருந்த வீட்டைப் பற்றித்தான் எழுதுவாய். கீழே பாதாள அறைகளில் லாகூரிலிருந்து வந்த ரஷீத் பாயும் அவர் மனைவி நசீமும், நாலு பிள்ளைகள். அவர்களிடம் ஒரு சிறு அறையை நீ வாடகைக்கு எடுத்திருந்தாய். மேலே மார்கரெட்டும் அவள் புருஷனும். கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் பட்டறையை மூடிவிட்டதால் பிழைப்பைத் தேடி வந்தவர்கள். இரண்டு குடும்பமும் அந்த ஊரில் இறங்கியது ஒரே வருஷத்தில் என்று எழுதியிருந்தாய்.

மார்கரெட்டின் புருஷன் இயந்திரம் பொருத்தும் பிட்டர் வேலை தெரிந்தவர். வந்த இரண்டாம் வாரமே அதே வேலை கிடைத்துவிட்டது. அவள் நர்ஸ். சர்ட்டிபிகேட்டைத் தபாலில் அனுப்பினாள், வேலைக்கு வரச் சொல்லி உத்தரவும் தபாலிலேயே வந்தது. ரஷீத் பாய் எஞ்சினியர், அவர் ஊரில் பாலம் கட்டியவர். இங்கே பிஸ்கட் கம்பெனியில் அட்டைப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். "இந்த ஊரில் வேலை பார்த்த அனுபவம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கேயிருந்து வரும்?" என்று எழுதியிருந்தாய். நசீமும் லாகூரில் படித்த நர்ஸ்தான். அவள் வீட்டிலேயே உட்கார்ந்து சட்டைக் காலர் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நம் ஆம்பூரில் ஷூவின் மேல்தோலை வீட்டுக்கு வாங்கி வந்து தைக்கும் பெண்களைப் போலவே மடியில் குவியலை வைத்துக்கொண்டு தைக்கிறாள், பார்த்தால் ஊர் ஞாபகம் வருகிறது என்றாய்.

நாலாம் வருஷம் மார்கரெட் வீட்டார் கடன் வாங்கிச் சொந்த வீட்டுக்குப் போனார்கள். அதே தெருவில் நாலு வீடு தள்ளி. ரஷீத் பாய் அதே பாதாள அறைகளில் இருந்தார். தம்பி குடும்பமும் வந்து சேர்ந்துகொண்டது. நான் கொஞ்சம் கோபமாகப் பதில் எழுதினேன். வெள்ளைக்காரன் எங்கே போனாலும் வெள்ளைக்காரன்தான் என்றேன். நீ என்னைக் கண்டித்து எழுதினாய். மார்கரெட்டின் அம்மா கிளாஸ்கோவில் அடுத்தவர் வீட்டு மாடிப்படி துடைத்துப் பிள்ளைகளை வளர்த்தவள், இவர்கள் யாருடையதையும் பிடுங்கிக்கொள்ளவில்லை, உழைக்கிறார்கள், உழைத்ததற்குக் கிடைக்கிறது, கீழே இருக்கிறவர்களும் உழைக்கிறார்கள், கிடைப்பதில்லை, அதைத்தான் நான் எழுதினேன், அவர்களைத் திட்டு என்று எழுதவில்லை என்றாய்.

இவ்வளவும் எழுதியவள், மார்கரெட் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் நீ நர்ஸாக இல்லை, வார்டு ஆயாவாக இருக்கிறாய் என்பதை மட்டும் எழுதவில்லை. மூன்று வருஷம் நான் இங்கே எல்லாரிடமும் என் தோழி கனடாவில் ஸ்டாஃப் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுபத்தேழில் வந்த ஒரு கடிதம் மட்டும் நாலு தாள். அதை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன்.

அங்கே போனதிலிருந்து எல்லாரும் உன்னைப் பாகிஸ்தான்காரி என்றே நினைத்தார்கள். நீ ஒவ்வொருத்தரிடமும் நின்று, இல்லை, நான் இந்தியா, மெட்ராஸ் பக்கம் என்று திருத்திக்கொண்டிருந்தாய். ஒருநாள் நீயும் நசீமும் பஸ்ஸுக்கு நிற்கும்போது காரில் போன பையன்கள் பாகிஸ்தான்காரர்களை இழிவாகச் சொல்லும் வசைச் சொல்லைக் கத்திவிட்டு முட்டையை வீசினார்கள். நசீமின் கோட்டில் பட்டு வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை, உன் முகத்தைப் பார்த்தாள். "நான் பாகிஸ்தான் இல்லன்னு நீ இப்பவும் சொல்லப்போறியான்னு அவ பாத்த மாதிரி இருந்துச்சுடி. நான் கைக்குட்டைய எடுத்துத் தொடச்சி விட்டேன். அன்னிலேர்ந்து யாரு கேட்டாலும் ஆமான்னு சொல்லிட்டுப் போய்ட்றேன்."

அதற்குப் பிறகு சில வாரங்களில்தான் வார்டில் அது நடந்தது. வயிற்றுப்போக்கில் வற்றிப்போன ஒரு கைக்குழந்தை. டாக்டர் கையிலும் காலிலும் குத்திக் குத்திப் பார்த்தும் நரம்பு அகப்படவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த நீ எழுந்துபோய், டியூட்டியில் இருந்த மார்கரெட்டிடம், தலையில் பார்க்கச் சொல்லு, இதோ இங்கே ஓடுகிறது என்று விரலால் காட்டினாய். நாம் வெயில் காலத்தில் எத்தனை குழந்தைகளுக்கு அப்படிச் சலைன் ஏற்றியிருப்போம். நரம்பு கிடைத்தது, குழந்தை பிழைத்தது.

சாயங்காலம் மார்கரெட் உன் அறைக்கு வந்து, எங்கே கற்றாய் என்று கேட்டாள். நீ டிரங்குப் பெட்டியிலிருந்து சர்ட்டிபிகேட்டை எடுத்துக் கொடுத்தாய். அவள் வீட்டுக்குப் போய்த் தன்னுடையதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் மூன்று வருஷப் படிப்பு. பிரசவம் பார்த்த கணக்கு உன்னுடையதில் அவளுடையதைவிட எத்தனையோ மடங்கு. அவள் தன்னுடையதை மடித்து வைத்தாளாம். அப்புறம், என்னுடையதை யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது என்றாளாம்.

மறுநாளே உன்னை நர்சுகளைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு வருஷமாக நீ போகும்போதெல்லாம், விசாரித்து எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை என்று சொன்ன அதே குமாஸ்தா. மார்கரெட் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எங்கே எழுதினீர்கள், காட்டுங்கள் என்றாள். அவர் உள்ளே போய்ப் பாகிஸ்தான் என்று எழுதி ஒட்டியிருந்த அட்டைப் பெட்டியிலிருந்து உன் காகிதங்களை எடுத்து வந்தார். உன் முஸ்லிம் பெயரையும், ரஷீத் பாயின் மேற்பார்வை என்று எழுதிய விலாசத்தையும் பார்த்து, உன் வேலூர்ப் படிப்பை உறுதி செய்யச் சொல்லிக் கராச்சிக்குக் கடிதம் போட்டிருந்தார்கள். கராச்சியில் யாருக்கு உன்னைத் தெரியும்? பதில் எப்படி வரும்?

"எங்கப்பா தோல் கம்பெனியில தரம் பிரிக்கறப்ப ஆயிரம் தோலுக்கு நடுவுல நின்னாலும் ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல விரிச்சி, கட்டை விரலால தடவிப் பாக்காம தரம் எழுத மாட்டாருடி. இவங்க என் காகிதத்த மடிப்பக்கூடப் பிரிக்கல" என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் மை கலைந்திருந்தது. நீ அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் காகிதத்தில்தான் பார்த்தேன்.

உன் காகிதம் அங்கிருந்து வெளியே வந்துவிட்டது. வேலூருக்குக் கடிதம் போனது, மூன்றே மாதத்தில் பதில் வந்தது, நீ பரீட்சை எழுதி நர்ஸாகிவிட்டாய். வேறு யாராக இருந்தாலும் கதை அத்தோடு முடிந்திருக்கும். உனக்கு முடியவில்லை. அந்தப் பெட்டி நிறையக் காகிதங்கள் இருந்ததைப் பார்த்துவிட்டாய். அதில் நசீமுடையதும் ஒன்று. உன்னை எடுத்தது நீ பாகிஸ்தான்காரி இல்லை என்பதற்காக. அப்படியென்றால் பாகிஸ்தான்காரி அங்கேயே கிடக்கலாமா என்று உனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாய். வெள்ளைச் சீருடையை நசீம் கண்ணில் படாமல் பையில் வைத்து எடுத்துப்போய் ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொண்டாய். பத்து நாள் அப்படிச் செய்துவிட்டு, பதினோராம் நாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாய்.

அவள் முதலில் வரமாட்டேன் என்றாள். கெஞ்சிக் கெஞ்சிக் கால் தேய்ந்துவிட்டது, காலர் தைப்பதில் மானமாவது மிஞ்சுகிறது என்றாள். நீயும் மார்கரெட்டும் விடவில்லை. நீ மூன்று தடவை அவளோடு போய் வரிசையில் நின்றாய். மார்கரெட் நாலு பிள்ளைகளையும் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, நசீமைச் சமையலறை மேசையில் படிக்க உட்கார வைத்தாள். இரண்டு தடவை தவறி மூன்றாம் தடவை நசீம் பாஸ் செய்தாள். அவளும் நர்ஸான பிறகுதான் அந்தக் குடும்பம் பாதாள அறையை விட்டு மேலே, கடனில் வாங்கிய சொந்த வீட்டுக்கு வந்தது. மார்கரெட் குடும்பம் நாலு வருஷத்தில் வந்த இடத்துக்கு இவர்கள் வர ஒன்பது வருஷமாயிற்று. அப்போதும் ஒரே வீட்டில் மூன்று குடும்பம். ரஷீத் பாய் பிஸ்கட் கம்பெனியை விட்டபின் கடைசிவரை டாக்ஸிதான் ஓட்டினார், மறுபடி ஒரு பாலத்தையும் கட்டவில்லை.

எண்பத்து மூன்றில் உன் தம்பி கல்யாணத்துக்கு ஆம்பூர் வந்தாய். நான் ஆற்காடு மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வந்தேன். கல்யாண வீட்டுச் சந்தடியிலிருந்து தப்பித்து மொட்டை மாடிக்குப் போனோம். காற்று தோல் தொழிற்சாலைப் பக்கமிருந்து அடித்தது. இந்த நாத்தம் எனக்கு அங்க கனவுல வருதுடி என்று மூச்சை இழுத்துக்கொண்டாய். அங்கே வைத்துத்தான் ஸ்வெட்டரைக் கொடுத்தாய். எனக்கு அதை வாங்கக் கை கூசியது. பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொன்னேன். அந்த ரேடியோ நாளில் நானும் சிரித்தேனே என்றேன்.

நீ மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டாய். பிறகு சொன்னாய். "ஞாபகம் இருக்குது. மறந்துட்டேன்னு சொன்னா பொய். அவ கேட்டதுகூட இல்ல, நீ சிரிச்சதுதான் ஞாபகம் இருக்குது."

நான் ஸ்வெட்டரைப் பிரித்து மறுபடி மடித்தேன். நீ தொடர்ந்தாய்.

"அந்தக் குமாஸ்தா கெட்டவன் இல்லடி. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம பொட்டியில போட்டுட்டான். நீயும் அப்படித்தான் சிரிச்சிட்ட. எனக்கு உம்மேல கோவம் கம்மியாயி ரொம்ப நாளாச்சு. சுத்தமா போச்சான்னு கேக்காத."

அப்புறம் பேடாவில் ஒன்றை எடுத்துப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தாய். கீழே உன் அம்மா கூப்பிட்டார்கள், இறங்கிப் போனோம். மன்னித்தாயா இல்லையா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. ஆனால் கடிதங்கள் நிற்கவில்லை.

அதற்கு மூன்று நாலு வருஷம் கழித்து, நான் வார்டு சிஸ்டராக இருந்தபோது, எங்கள் ஆஸ்பத்திரிக்கு இலங்கை அகதி முகாமிலிருந்து ஒருத்தி வேலை கேட்டு வந்தாள். யாழ்ப்பாணத்தில் படித்த நர்ஸ் என்றாள். மூலச் சர்ட்டிபிகேட் வீட்டோடு எரிந்துபோய்விட்டது, ஒரு நகல்தான் கையில். ஆபீஸில் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி அவள் பேச்சை அவள் மாதிரியே பேசிக் காட்டினாள். நாலு பேர் சிரித்தார்கள். நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஆபீஸுக்குப் போனேன். அந்த நகலை எடுத்து, விரித்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தேன். அவளை உட்கார வைத்து, என்னென்ன வார்டு பார்த்தாள், எத்தனை பிரசவம் பார்த்தாள் என்று கேட்டேன். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. எட்டு மாதம் ஆயா சம்பளத்தில்தான் இருந்தாள். நானும் எட்டு மாதம் ஆபீஸுக்கு நடந்தேன். கடைசியில் அவளை நர்ஸாக எடுத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் உனக்கு இரண்டு பக்கம் எழுதினேன். என்னைப் பாராட்டுவாய் என்று எதிர்பார்த்தேன், மறைப்பானேன். உன் பதில் வந்தது. நசீமின் பிள்ளைகள், குளிர், அவள் முழங்கால் வலி, மார்கரெட்டுக்குப் பேரன் பிறந்தது எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி. "அவளப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்கியே, அவ பேரு இன்னா?"

அவள் பெயர் புவனேஸ்வரி. அடுத்த கடிதத்தை அந்தப் பெயரில்தான் ஆரம்பித்தேன். வேலையை விட்டு நின்று இத்தனை வருஷமாகியும், வாசலில் யார் வந்து நின்றாலும், எந்த ஊர், என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் அவர்கள் பெயரைக் கேட்டுவிடுகிறேன்.