பொம்மையின் முகத்துக்கு வந்த வேலை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் படுக்கை விரிப்புகள்தான். நர்சிங் படித்துப் பாஸ் செய்தாயிற்று, ஆனால் கவுன்சிலிலிருந்து பதிவு எண் வரும்வரை நானும் பொம்மையும் ஊசியைத் தொடக்கூடாது. ஆஸ்பத்திரியில் எங்களுக்கு உதவியாளர் என்று பெயர். விரிப்பு மடிப்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் டாக்டர் பட்டமே கொடுக்கலாம்.

பொம்மை என் பெரியம்மா மகள். என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். பிறந்த குழந்தையைப் பார்த்து யாரோ "பொம்மை மாதிரி இருக்கு" என்றார்களாம், அதுவே நின்றுவிட்டது. நான் பிறந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரே கல்லூரி, இப்போது ஒரே விடுதி அறை. மார்க் எனக்குத்தான் அதிகம். இங்கேயாவது எழுதிவைக்கிறேன், வீட்டில் யாரும் கேட்பதில்லை.

மார்ச் 6, வெள்ளி

விடுதிக்கு ஒரு அம்மா வந்திருந்தாள். சோடாபுட்டிக் கண்ணாடி, அதனால் நாங்கள் வைத்த பெயர் கண்ணாடி அக்கா. முதியோர் இல்லங்களுக்கு நர்ஸ் பிடித்துக் கொடுக்கிறாளாம். நல்ல சம்பளம், கையிலேயே கொடுத்துவிடுவார்கள். ஆர்டர் கிடையாது, பதிவு எண்ணும் வேண்டாம்.

"மனுஷங்களைக் கவனிக்க எதுக்கும்மா பேப்பர்? அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

யாருடைய மார்க்கையும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியையும் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டாள். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது. பட்டும், தலையை வாரிக்கொண்டுதான் போய் நின்றேன்.

மார்ச் 9, திங்கள்

பொம்மையை எடுத்துவிட்டார்கள். என்னை இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

கண்ணாடி அக்காவுக்குப் போன் செய்தேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"நீ கெட்டிக்காரப் பொண்ணுதான்மா. ஆனா உன் முகம் இதுக்குச் சரிவராது."

வயசானவர்களுக்கு மாத்திரை கொடுக்க மூக்கும் முழியுமா வேண்டும்? அறைக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பல் கொஞ்சம் தூக்கல்தான். அதற்காக?

சாயங்காலம் போனில் அம்மா. "பாத்தியா, அவ சம்பாதிக்க ஆரம்பிச்சுட்டா. உனக்குத்தான் சூதுவாது தெரியல."

"அது கணக்குல வராத வேலைம்மா. மாட்டுனா பதிவே கிடைக்காது."

"வயித்தெரிச்சல்ல பேசாதடி."

பெற்றவளாயிற்றே, கண்டுபிடித்துவிட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

பொம்மை புது வெள்ளை ஷூ வாங்கியிருக்கிறாள். எனக்கும் ஒரு ஜோடி. கால் பிடிக்கிறது என்று சொல்லிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். உண்மையில் போட்டே பார்க்கவில்லை.

மார்ச் 21, சனி

விடுதி வார்டன் பொம்மையின் முழுப் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள், ஏதோ பார்சல் வந்ததற்கு. இவள் திரும்பவே இல்லை. நான் தோளில் தட்டினேன். "என்னையா?" என்றாள். நாலு காசு பார்த்ததும் சொந்தப் பேர்கூட மறந்துவிடுமா?

மார்ச் 25, புதன்

குடையை மறந்து போட்டுவிட்டுப் போயிருந்தாள். கொடுத்துவிட்டு வரும் சாக்கில் அந்த இல்லத்தையே பார்த்துவிடலாம் என்று போனேன். இரண்டு மாடி வீடு. உள்ளே பினாயில் வாசனை, ஈரத்துணி வாசனை. எட்டுக் கட்டில் போட வேண்டிய கூடத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு கட்டிலை நெருக்கியடித்துப் போட்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நர்ஸ், பொம்மை.

வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்ட பதிவுச் சான்றிதழ். அதில் அவள் போட்டோ.

எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. எனக்கு வராத எண் இவளுக்கு எப்படி வந்தது? யாரைப் பிடித்தாள்? ஒரே அறையில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

"நில்லுடி, பெரியம்மாவுக்கு அனுப்பணும்" என்று சட்டத்துக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திப் படம் எடுத்தேன். பெரியம்மாவுக்கு இல்லை. கவுன்சிலுக்குப் புகார் எழுதத்தான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள், அதுவும் படத்தில் விழுந்திருக்கிறது.

உள்ளேயிருந்து இல்லத்துக்காரர் வேறு யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பொம்மை "இதோ சார்" என்று ஓடினாள்.

அறைக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சான்றிதழில் இருப்பது பொம்மை இல்லை. அச்சு அசல் அவள்தான், ஆனால் மோவாயில் மச்சம் இல்லை. பெயர் வேறு. வருஷத்தைப் பார்த்தால் அப்போது நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். பொம்மையின் நெஞ்சில் குத்தியிருந்த பேட்ஜிலும் அதே பெயர்தான்.

மார்ச் 26, வியாழன்

கேட்டேன். அழுதுவிட்டாள். அந்த நர்ஸ் எப்போதோ வெளிநாடு போய்விட்டாளாம், சான்றிதழை இல்லத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு. சோதனைக்கு ஆள் வந்தால் காட்ட அதே சாயலில் ஒரு முகம் வேண்டும்.

"முகம் ஒத்துப்போச்சுன்னு எடுத்தாங்கடி. வேற எதையும் பாக்கல. மொத நாளே அந்த இல்லத்துக்காரர் என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் வாங்கிப் பீரோவுல வச்சுட்டாரு. போறேன்னு சொன்னா தரமாட்டேங்குறாரு."

அடுத்த மாதம் எட்டாம் தேதி கவுன்சிலில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் போனால் பதிவு இல்லை. படித்த படிப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். அவளை அழகுக்காக எடுக்கவில்லை! அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது.

மார்ச் 30, திங்கள்

பெயர் போடாமல் புகார் எழுதி, படத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அனுப்பினால் இல்லத்துக்காரர் மாட்டுவார், பொம்மையும் மாட்டுவாள். யாருக்காக அனுப்பப் போகிறேன்? அந்தக் கட்டில்களில் கிடப்பவர்களுக்காகவா, என் வயிற்றெரிச்சலுக்காகவா? தெரியவில்லை. அனுப்பவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கண்ணாடி அக்கா கூப்பிட்டாள். "வேற ஒரு இல்லம்மா. உன் முகத்துக்குப் பொருத்தமா ஒண்ணு வந்திருக்கு. அதே பல்லு, அதே நெத்தி."

வெட்கக்கேடு. ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் குளிர்ந்தது. 'சரி' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுப் போனை வைத்தேன். கட்டிலில் பொம்மை முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

ஏப்ரல் 4, சனி

இல்லத்துக்காரரைப் போய்ப் பார்த்தேன். படத்தைக் காட்டினேன். சுவர், சட்டம், பேட்ஜ், பக்கத்தில் மச்சத்தோடு பொம்மை.

"அவ சர்டிபிகேட்டைக் குடுங்க. இல்லேன்னா இது கவுன்சிலுக்குப் போகும்."

"உங்களை என் பொண்ணுங்க மாதிரி நினைச்சேன்மா" என்றார். டீ வரவழைத்தார். நான் குடிக்கவில்லை. கடைசியில் பீரோவைத் திறந்தார். படத்தை என் கண் முன்னால் அழி என்றார். அழித்தேன். ஒரு பொறாமைக்காரி அந்தப் படத்தை வேறு எங்கெல்லாம் வைத்திருப்பாள் என்று அவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஏப்ரல் 8, புதன்

கவுன்சில் அலுவலகம். பாதியில் ஓடிவிடுவாள் என்று வரிசையில் பொம்மையை எனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். அதிகாரி அம்மா சான்றிதழ்களைப் பார்த்துச் சரி என்றார். அவ்வளவுதான், வேலை முடிந்தது, நகர வேண்டியதுதான். இவள் நகரவில்லை. நேற்று என்னிடம் கேட்டு வாங்கிய படத்தைப் போனில் எடுத்து நீட்டினாள்.

"மேடம், இதுல நிக்கிறது நான்தான். பேட்ஜ் என்னுது இல்ல."

நான் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா இருடி, தலையில மண்ணள்ளிப் போட்டுக்காத."

"நான் யாருன்னே தெரியாம அங்க எல்லாரும் என்கிட்ட கையை நீட்டுனாங்கடி, ஊசி போட. இன்னும் அங்கதானே கிடக்காங்க?"

எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை அவள் எண் நிறுத்திவைப்பு. அதே படம் இரண்டு வாரமாக என் கையில் இருந்தது. நான் பெயர் போடாமல் எழுதினேன், அவள் முகத்தைக் காட்டிச் சொன்னாள். இதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள்.

ஏப்ரல் 29, புதன்

என் எண் வந்துவிட்டது. அம்மா ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இல்லத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிய பொம்மைதான் எனக்குப் பேட்ஜ் குத்திவிட்டாள். பிறகு தனியாக விரிப்பு மடிக்கப் போனாள்.

கடைசியில் அவளைவிட முன்னால் நிற்கிறேன். சப்பென்று இருக்கிறது. கட்டிலுக்கு அடியிலிருந்த ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அளவாகத்தான் இருக்கிறது.

மே 20, புதன்

இல்லத்தை மூடிவிட்டார்கள். அங்கிருந்தவர்களில் சிலரை உறவினர்கள் அழைத்துப் போனார்கள், சிலர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். ஒரு அம்மா பொம்மையைப் பார்த்ததும் அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பொம்மை பக்கத்தில் உட்கார்ந்து, தன் பெயரைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விசாரணை இன்னும் முடியவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

எச்சரிக்கைக் கடிதத்தோடு அவள் எண்ணும் வந்தது. நான் வந்த நாளிலிருந்து குழந்தைகள் வார்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேட்ரன் அதை இன்று அவளுக்குக் கொடுத்துவிட்டார். "தானாப் போய் உண்மையைச் சொன்ன பொண்ணு. குழந்தைங்ககிட்ட அவ இருக்கட்டும்."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று வராந்தாவில் அவள் பின்னாலேயே போனேன். பொம்மை என்று கூப்பிட வாய் வரவில்லை. பேட்ஜில் இருக்கும் முழுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன், முதல் முறையாக.

ஒரே தடவைதான் கூப்பிட்டேன். உடனே திரும்பினாள்.