பூச்சு வேண்டாம் என்றேன்

ஜூன் 9, 2025. திங்கள்

கடையில் கூட்டம் இல்லை. மதியமே மெக்கானிக் கன்னியப்பன் பட்டறைக்குப் போய்விட்டேன். நான் வாங்கிப்போட்ட பழைய மோட்டார் சைக்கிள் மூன்று மாதமாக அவனிடம்தான் கிடக்கிறது. ஐம்பத்தாறு வயதில் வந்த ஆசை. அதை என் சின்னவீடு என்கிறாள் என் வீட்டுக்காரி மனோரமா.

இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து போகும் பெண்டு பைப் ஓட்டையாகிவிட்டதாம். சாதா பைப் மூவாயிரத்து எண்ணூறு. செராமிக் கோட்டிங் கொடுத்தது எட்டாயிரத்து ஐந்நூறு. துருப் பிடிக்காது, சூடும் அவ்வளவாக வெளியே வராது என்கிறான். ஒரு பூச்சுக்கு இத்தனை விலையா? யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 11. புதன்

செஞ்சி பஜாரில் இருபத்தெட்டு வருஷமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். நான்-ஸ்டிக் தவாவை வாங்கிப்போய் ஆறே மாதத்தில் உரிந்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவராத ஆள் இல்லை. பூச்சைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறான் கன்னியப்பன்.

“வீட்ல அம்மாவும் ஏறுவாங்க மொதலாளி. சூடு வெளையாட்டு இல்ல” என்றான்.

“அவ ஒருக்களிச்சு ஒக்காருவா. காலு ரெண்டும் இடது பக்கம், பைப்பு வலது பக்கம். அப்புறம் இன்னா?”

அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலைக்குக் குனிந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூன் 15. ஞாயிறு

சாதா பைப்பே போடச் சொல்லிவிட்டேன். மிச்சப் பணத்தில் டேங்குக்கு நல்ல பெயிண்டு.

ஜூன் 29. ஞாயிறு

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் முழுக்கத் துடைத்தேன். பைப்பில் முகம் தெரிகிறது.

மனோரமாவுக்குப் பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. இரண்டு வருஷமாகப் பாதம் மரத்துக் கிடக்கிறது, முள் குத்தினாலும் தெரியாது. தினமும் டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கும் வேலையை டாக்டர் என்னிடம் கொடுத்திருக்கிறார். இன்று மறந்துவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 17. வியாழன்

ஆடி ஒன்று. மனோரமா செருப்பைக் கழற்றி மேலே வைத்துவிட்டாள். மேல்மலையனூர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள், மாதம் முழுக்க வெறுங்கால்தானாம். டாக்டர் திட்டுவார் என்றேன். “டாக்டருகிட்ட நீங்க சொல்லாம இருந்தா சரி” என்றாள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. கடை திறக்க நேரமாகிவிட்டது.

ஜூலை 24. வியாழன்

ஆடி அமாவாசை. காலையிலேயே மேல்மலையனூர் கிளம்பினோம். வழியெல்லாம் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். பொய் சொல்வானேன், அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன்.

அங்கே நிற்க இடமில்லை. ஒரு சுவரோரம் வண்டிகளோடு வண்டியாக நிறுத்தினேன். இடது பக்கம் கால் நுழைய இடமில்லாததால் அவளை வலது பக்கமாகத் திருப்பி சீட்டில் உட்காரவைத்தேன். வெறுங்காலோடு தார் ரோட்டில் நிற்க வேண்டாமே என்றுதான். எலுமிச்சம்பழமும் தேங்காயும் வாங்கி வர அரைமணி ஆயிற்று. போனபோது எப்படி இருந்தாளோ அப்படியே, காலை வண்டிமேல் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தாள். நல்ல தரிசனம்.

ஜூலை 25. வெள்ளி

வண்டி துடைக்கும்போது பார்த்தால் பெண்டு பைப்பில் கறுப்பாக ஏதோ தீய்ந்து ஒட்டியிருக்கிறது. எனக்கு எரிச்சல். புடவையைக் கருக்கிக்கொண்டாயா என்று கேட்டேன். அவள் ஓரத்தை இழுத்து இழுத்துப் பார்த்தாள். “ஒண்ணும் கருகலயே” என்றாள். கடையிலிருந்து கம்பி நாரும் பாலிஷும் எடுத்து வந்து தேய்த்தேன். சுலபத்தில் போகவில்லை. கடைசியில் போய்விட்டது.

ஜூலை 29. செவ்வாய்

கூடத்து டைல்ஸில் வரிசையாக ஈரத்தடம். தண்ணீர் என்று நினைத்தேன்.

டார்ச் எடுத்து அவள் இடது காலைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் கீழே தோலே இல்லை. வலிக்கலயா, வலிக்கலயா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். “இன்னாங்க, இன்னா இருக்குது அங்க?” என்கிறாள்.

பைப்பில் ஒட்டியிருந்தது புடவை இல்ல. அவ தோலு. நான்தான் அதைத் தேச்சேன் — கம்பி நாரு போட்டு, முணுமுணுத்துக்கிட்டே — பளபளன்னு வர்ற வரைக்கும் தேச்சேன். அவ காலத் தொட எனக்கு ஒரு மாசமா நேரமில்ல.

ஆகஸ்ட் 1. வெள்ளி

புதுச்சேரி ஆஸ்பத்திரி. கடைசியாகக் காலை எப்போது பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒரு வாரம் இருக்கும் என்றேன். மனோரமா என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8. வெள்ளி

கட்டைவிரலுக்கு அடுத்ததை எடுத்துவிட்டார்கள். மெட்டி விரல். நர்ஸ் மெட்டியைப் பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள்.

செப்டம்பர் 2. செவ்வாய்

கன்னியப்பன் பட்டறைக்குப் போனேன். கோட்டிங் போட்டிருந்தால் கால் தப்பித்திருக்குமா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட மாட்டானா என்றும் இருந்தது, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றும் இருந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

“அதுவும் சுடத்தான் செய்யும் மொதலாளி. கொஞ்சம் கம்மியா சுட்டிருக்கும். அரைமணி நேரம் வெச்சிருந்தா எதுவா இருந்தா இன்னா?”

ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னான். இத்தனை நாள் பைப்பில் மிச்சம் பிடித்த நாலாயிரத்து எழுநூறு ரூபாயைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சாக்கும் கைவிட்டுப் போனது. பைப் எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசினேனே! அவளை பைப் பக்கமாக உட்காரவைத்தவனும் நான்தானே? அடுத்த நாளே காலைப் பார்த்திருந்தால் விரலாவது மிஞ்சியிருக்கும்.

இப்போ கோட்டிங் பைப் மாட்டிவிடட்டுமா என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 7. ஞாயிறு

சாயங்காலம் பழக்கதோஷத்தில் துடைக்கிற துணியை எடுத்துவிட்டேன். கட்டிலில் இருந்தபடியே மனோரமா காலை நீட்டினாள். “மொதல்ல பெரிய வீட்டப் பாத்துட்டு அப்புறம் சின்னவீட்டுக்குப் போங்க” என்றாள். அவள்தான் சிரித்தாள்.

துணியை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தேன்.

வலது கால்: ஐந்து விரல். புண் இல்லை.
இடது கால்: நான்கு விரல். புதுப் புண் இல்லை.