துணிக்கடைப் பையில் லேப்டாப்

22.10.2007, திங்கள்

இன்று லேப்டாப் கைக்கு வந்தது. பை இல்லாமல். “பழைய பையில ஜிப் போயிடுச்சு ஜெனிஃபர். நீங்களே ஒண்ணு பாத்துக்கோங்க” என்றார் சாதியா மேடம். எங்கள் டிரஸ்ட் நடத்தும் கண் முகாம்களுக்கு அவர்தான் இன்சார்ஜ்.

இந்த மாதத்திலிருந்து காகிதப் படிவம் கிடையாது. யாருக்குக் கண்ணில் புரை என்று டாக்டர் சொல்கிறாரோ, அவர் பெயர், ஊர், ஆபரேஷன் தேதி எல்லாம் நான் நேராக லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். திங்கட்கிழமைதோறும் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட வேண்டும். நடுவில் ஏதாவது ஆனால்? கேட்கவில்லை. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவள் அதையெல்லாம் கேட்கலாமா?

துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வந்து சேர்ந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

24.10.2007

பஜாரில் மஹபூப் பாஷா பாய் கடை. கறுப்புப் பை ஒன்றை எடுத்துத் தட்டிக் காட்டினார். “உள்ள ஸ்பாஞ்ச் கீதும்மா. கீழ வுட்டாகூட ஒண்ணும் ஆவாது.”

நல்ல பைதான். ஆனால் பார்த்த மாத்திரத்தில் உள்ளே லேப்டாப் இருக்கிறது என்று ஊருக்கே தெரியுமே! “வேற மாதிரி இல்லியா பாய், லேப்டாப் பை மாதிரியே இல்லாம?” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

25.10.2007

காலேஜ் பையில் வைத்துப் பார்த்தேன். மூலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மழை வேறு விடுவதாக இல்லை.

27.10.2007, சனி

அம்மா களையெடுத்துவிட்டு வந்து சொன்ன சேதி: பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டர் பையை வாரை அறுத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். உண்மையோ புரளியோ, எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் யோசனை வந்தது. துணிக்கடையில் கொடுக்கும் கட்டைப் பை! அதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? லேப்டாப்பை அம்மாவின் பழைய புடவையில் சுற்றி உள்ளே வைத்தேன்.

“இன்னாடி இது, கல்யாணத்துக்கு சீர் எட்த்துக்கினு போற மாதிரி கீது” என்று அம்மா சிரித்தாள். சிரிக்கட்டும்.

30.10.2007

திருப்புட்குழி முகாம். 34 பேர். பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

2.11.2007, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

கூரம் முகாமில் 27 பேர். முடித்துவிட்டு காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினேன். தீபாவளிக் கூட்டம், நிற்கவே இடமில்லை. உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, “பைய குடு கண்ணு, மடில வெச்சிக்கிறேன்” என்று கை நீட்டினார். எல்லா பஸ்ஸிலும் நடப்பதுதானே. கொடுக்காவிட்டால் அப்படி என்ன பெரிய பொருள் என்று நாலு பேர் பார்ப்பார்கள். கொடுத்தேன். அவர் காவாந்தண்டலத்தில் இறங்கும்போது, “இந்தா கண்ணு” என்று பையை என் கையில் திணித்தார். கனமாகத்தான் இருந்தது.

வீட்டில் வந்து பிரித்தால் பச்சரிசி, வெல்லம், குழந்தைக் கவுன் இரண்டு, ஒரு வேட்டி. அதே கடை, அதே பை. தீபாவளி வாரத்தில் பஸ்ஸில் பாதிப் பேர் கையில் அந்தப் பைதான் இருக்கும் என்று எனக்கு ஏன் தோணவே இல்ல? அறிவு எங்க போச்சு எனக்கு?

61 பேர். அந்தப் பெயர்கள் வேறு எங்கேயும் இல்லை. தீபாவளி முடிந்ததும் வேன் வரும் என்று ஒவ்வொருவரிடமும் நான்தான் வாயால் சொன்னேன். வேன் வராமல் போனால் அவர்கள் யாரைப் போய்க் கேட்பார்கள்? வேலை போகும், அது நிச்சயம். அம்மா ஜெபம் பண்ணுகிறாள். என்னால் கண்ணை மூடக்கூட முடியவில்லை — கர்த்தாவே, நான் இன்னா பண்ணுவேன்?

3.11.2007, சனி

முதல் பஸ்ஸில் காவாந்தண்டலம் போனேன், அந்த அம்மாவின் பையோடு. யாரிடம் கேட்பது, என்ன அடையாளம் சொல்வது? முகம்கூடச் சரியாக நினைவில்லை.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தார், மடியில் என் பை. ஓடிப்போய் எதிரே நின்றேன். நான் கொண்டுபோன அவருடைய பையை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அவர் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு, “யாரு?” என்றார்.

“நேத்து பஸ்ல வந்தவம்மா. பை மாறிப்போச்சு.”

“வந்துட்டியா கண்ணு! நான் பிரிக்கவேல்ல. தொட்டுப் பாத்தேன், பலகையாட்டம் இருந்திச்சி. யார் வூட்டுப் பொருளோனு பயந்துக்கினு இருட்டோட வந்து குந்திக்கினு கீறேன்.”

அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். இரண்டு கண்பாப்பாவும் வெளுத்துப் போயிருந்தன. முகாம் முகாமாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு திரிகிறேன். நேற்று ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்றும் கவனிக்கவில்லை. என் கண் முழுக்கப் பையின் மேலேயே இருந்திருக்கிறது.

பெயர் முனியம்மாள். கூலி வேலை. ஆபரேஷன் என்றதும் கையை உதறினார். “கண்ணுல கத்தி வெப்பாங்களா? வேணாம்மா, எனக்கு பயமாக் கீது.” பயம் ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நான் கூட வரேம்மா” என்று மட்டும் சொன்னேன்.

லேப்டாப் வேலை செய்கிறது. 61 பேரும் இருக்கிறார்கள்.

5.11.2007, திங்கள்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். “இனிமே தினமும் ஒரு காப்பி எடுத்து வெச்சிடுங்க” என்றார். வேலை போகவில்லை.

வரும் வழியில் பாஷா பாயிடம் கறுப்புப் பை வாங்கினேன். பின்னால் மாட்டப் பயம். மார்போடு மாட்டிக்கொண்டு வந்தேன்.

15.11.2007, வியாழன்

நேற்று முனியம்மாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன். இன்று காலையில் கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் விரல் காட்டும் முன்பே அவர் என் பக்கம் திரும்பினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தெரியவில்லையோ? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவள் நான்தானே?

“ஏங் கண்ணு, மூக்கு மேல இப்டி வேர்த்துக்கினு கீதே” என்றார். “தொடச்சிக்கோ.”