பொத்தானுக்கு நீ சொன்ன பொய்

என் அன்பு மச்சான் மீராலெவ்வைக்கு,

அல்லாஹ் உன் கபுறை ஒளியாக்கி வைப்பானாக. நீ மவுத்தாகி மூன்று மாதம் ஆகிறது. எனக்கு உன்மேல் இருந்த பொறாமை மட்டும் இன்னும் தீரவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் தங்கச்சி ஆமினாவைக் கலியாணம் முடித்து மருதமுனைக்கு வந்த நாளிலேயே அது தொடங்கிவிட்டது. நான் பள்ளிக்கூடத்து மாஸ்டர். நீ கல்முனையில் தையற்கடை வைத்திருந்தாய். சொற்கள் எங்கேயிருந்து வந்தன என்று தேடுவது என் பைத்தியம். வெள்ளைக்காரன் போய் ஆறேழு வருஷமாகிவிட்டது. அவனுக்கு முன்னே வந்தவர்கள் விட்டுப்போன சொற்கள் இன்னும் நம் வீட்டில் கிடக்கின்றன. உட்காரும் கதிரையும் காலில் போடும் சப்பாத்தும் போர்த்துக்கேயனுடையவை, வேலைக்குப் போகும் கந்தோர் ஒல்லாந்தனுடையது என்று பழைய அகராதிகளைத் துருவிக் கண்டுபிடித்தால், முதலில் உன்னிடம்தான் ஓடிவருவேன்.

நீ மிஷினை மிதித்தபடி எல்லாவற்றையும் கேட்பாய். அடுத்த வாரம் அதே சொல்லுக்கு உன் கதை ஊரெல்லாம் நடக்கும். கதிர் அறுத்துக் களைத்தவன் குந்தச் செய்ததுதான் கதிரையாம். சேற்றில் சப்புச் சப்பென்று நடப்பதால் சப்பாத்தாம்.

ஆமினா அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் உண்மையைச் சொன்னால், "அப்படியா" என்றுவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்தாயா?

போன பெருநாளுக்கு முன் உன் கடை நிறையச் சனம். சட்டைப் பொத்தலைப் பொத்துவதால்தான் பொத்தான் என்று பெயர் வந்தது என நீ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அது பச்சைப் பொய், அதுவும் போர்த்துக்கேயச் சொல்தான் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். சம்மாந்துறையிலிருந்து வந்திருந்த, வயல் நிறைய உள்ள ஒரு போடியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்கட கத உண்மையா இரிக்கலாம் மாஸ்டர். இவர்ட கததான் நல்லா இரிக்கி."

நீ சிரிக்கவில்லை. "மச்சான் சொல்றதுதான் சரி. நான் தைக்கிறவன், ஒட்டுப் போடாம எனக்கு ஒரு சொல்லும் வராது" என்றாய். நீ என்னை விட்டுக்கொடுக்காமல் பேசியதுதான் எனக்கு இன்னும் சுட்டது. அந்தப் பெருநாள் சட்டையை வேறு கடையில் தைத்தேன். நீ ஒரு சொல் கேட்கவில்லை. காய்ச்சலில் கிடந்த உன்னைப் பார்க்க வந்தபோதும் மருந்தைப் பற்றித்தான் கதைத்தேன். மன்னிப்புக் கேட்க நாளிருக்கிறது என்று எண்ணியிருந்தேன்.

உன் கடையை இப்போது வேறொருவர் நடத்துகிறார். நல்ல தையல், பேச்சில்லை. சனம் அளவு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் கதிரை எந்த மொழிச் சொல் என்று கேட்டேன். பாதிப் பிள்ளைகள் கதிர் அறுத்த கதையை எழுதியிருக்கிறார்கள். நான் அதற்குப் பிழை போடவா, சரி போடவா?

ஆமினா உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகும் சிரிக்கவேயில்லை. ஒரு நாள் அவள் லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன வந்ததோ, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொல்லுக்குப் பொய் சொன்னேன். சட்டை தைத்த பிறகு லேசாக எஞ்சின துணிதான் லேஞ்சி என்றேன். அதோடு நிறுத்த என்னால் முடியவில்லை. "ஆனா உண்மையில அது போர்த்துக்கேயச் சொல்" என்றும் சேர்த்துவிட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "காக்கா எண்டா துணியோட நிப்பாட்டியிருப்பாரு. போர்த்துக்கேயனக் கூட்டி வந்திருக்கமாட்டாரு" என்று தன் அண்ணனான உன்னைச் சொன்னாள். பிறகு சிரித்தாள், மச்சான். அழுதழுது சிரித்தாள்.

அந்தச் சிரிப்பும் உனக்குத்தான் போனது. நான் பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்க, அதையும் நீயே எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொள். இனி ஒவ்வொரு வாரமும் அவளுக்கு ஒரு பொய்ச்சொல் சொல்வேன், உன்னைவிட மோசமாகவே சொல்வேன். நீ எவ்வளவு நன்றாகச் சொல்வாய் என்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே சிரிக்கட்டும்.

உன் தங்கச்சியின் சிரிப்புக்காக உன்னோடு இன்னும் போட்டியிடும்
உன் மச்சான்